சீனாவின் சிப் தொழிலுக்கு அமெரிக்கத் தடை தேடித்தந்த வாடிக்கையாளர்

2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில், தோங்சிஹு வட்டாரத்தில், பதாகை கட்டி ஒரு வரவேற்பு விழா நடத்தினார்கள். வந்திறங்கியது தலைவர் யாரும் இல்லை. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்த லித்தோகிராஃபி இயந்திரம். சிலிக்கான் தகட்டின் மேல் ஒளியால் மின்சுற்றை அச்சிடும் கருவி அது. அதை வரவழைத்த ஹோங்ஷின் நிறுவனம் 2017இல் தொடங்கப்பட்டது. 12,800 கோடி யுவான் முதலீடு என்று அறிவித்திருந்தார்கள். பிறர் வடிவமைக்கும் சிப்களைச் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்திய சியாங் ஷாங்-யியையே தலைமைச் செயல் அதிகாரியாகக் கூட்டி வந்திருந்தார்கள்.

விழா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயன்படுத்தாத அந்தப் புத்தம் புது இயந்திரத்தை உள்ளூர் வங்கியில் அடமானம் வைத்து சுமார் 58 கோடி யுவான் கடன் வாங்கினார்கள். 2020 இறுதியில் நிறுவனத்தை வட்டார நிர்வாகமே எடுத்துக்கொண்டது. 2021 தொடக்கத்தில் ஊழியர்களை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அதுவரை அங்கிருந்து ஒரு சிப்கூட விற்பனைக்கு வரவில்லை.

அமெரிக்கத் தடைகள் சீனாவின் சிப் தொழிலை முடக்கிவிட்டனவா, வளர்த்துவிட்டனவா என்ற விவாதம் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. பணம் இருந்தது, அரசின் ஆசி இருந்தது, உலகத் தரமான கருவியும் வந்து சேர்ந்தது. ஆனால் ஒரு தொழில் உருவாகவில்லை. அப்படியென்றால் எது குறைந்தது? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தடைகளின் விளைவையும் சரியாக எடைபோட முடியாது.

ஆசை பழையது. 1956இல் வகுத்த பன்னிரண்டு ஆண்டு அறிவியல் திட்டத்திலேயே, சிப்களுக்கு அடிப்படையான குறைகடத்திகளுக்கு முன்னுரிமை தந்தது சீனா. தடையும் அதே அளவு பழையது: 1949 முதல் 1994 வரை கம்யூனிச நாடுகளுக்கு உயர்தொழில்நுட்பம் போகாமல் தடுக்க மேற்கு நாடுகள் ஒரு கூட்டுக் குழுவையே நடத்தின. 2000இல் ஷாங்காயில் எஸ்எம்ஐசி என்ற சிப் உற்பத்தி நிறுவனம் பிறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய ரிச்சர்டு சாங் அதை நிறுவினார். 2014இல் மத்திய அரசு தனி முதலீட்டு நிதியம் ஒன்றைத் தொடங்கியது. 'பெரிய நிதியம்' என்று எல்லோரும் அழைக்கும் அதன் முதல் கட்டம் சுமார் 13,870 கோடி யுவான், 2019இல் வந்த இரண்டாம் கட்டம் 20,400 கோடி, 2024இல் வந்த மூன்றாவது 34,400 கோடி. இவ்வளவு கொட்டியும், 2023இல் சீனா சிப் இறக்குமதிக்குச் செலவிட்ட தொகை சுமார் 35,000 கோடி டாலர். கச்சா எண்ணெய் இறக்குமதிக்குக்கூட அந்த ஆண்டு அவ்வளவு செலவாகவில்லை.

ஊழலும் இருந்தது. பெரிய நிதியத்தின் தலைவர் தின் வென்வூ 2022இல் விசாரணை வளையத்துக்குள் வந்தார். நிதியத்தின் பணம் பெருமளவு பாய்ந்த சிப் குழுமமான சிங்ஹுவா யூனிகுரூப்பின் முன்னாள் தலைவர் ஜாவ் வெய்குவோவுக்கு 2025இல் இரண்டாண்டு நிறுத்திவைப்புடன் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் திருட்டை மட்டும் காரணம் காட்டினால் போதாது. திருடாமல் செலவழித்த பணமும் சுற்றி வளைத்து வெளிநாட்டுக்குத்தான் போனது. அரசு தந்த பணத்தில் ஒரு சீன ஆலை எழுந்தால், உள்ளே வைக்கும் கருவிகள் அமெரிக்காவின் அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், கேஎல்ஏ, ஜப்பானின் டோக்கியோ எலெக்ட்ரான், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஆகியவற்றுடையதாக இருந்தன. சீனாவிலும் கருவி செய்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் வாங்கத்தான் ஆளில்லை.

ஏன் வாங்கவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நவீன சிப் ஒன்று உருவாக ஒரு சிலிக்கான் தகடு ஏறத்தாழ ஆயிரம் படிகளைக் கடக்க வேண்டும்: படலம் பூசுவது, அச்சிடுவது, வேண்டாத பகுதியை அரித்தெடுப்பது, கழுவுவது, அளப்பது, மீண்டும் பூசுவது. மூன்று மாதம் பிடிக்கும் வேலை. ஒவ்வொரு படியும் ஆயிரத்துக்கு ஒரு முறைதான் தவறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் படிகளின் முடிவில் நூற்றுக்கு 37 சிப்கள்தான் தேறும். பத்தாயிரத்துக்கு ஒன்று தவறினால் 90 தேறும். ஆலைக்கு லாபமா, மூடுவிழாவா என்பது அந்த ஒரு தசமத்தில் இருக்கிறது.

இந்த நிலையில், உள்ளூர் நிறுவனம் ஒன்று புதிதாகச் செய்த அரிப்புக் கருவியைக் கொண்டுவந்து, 'விலை பாதிதான், போட்டுப் பாருங்கள்' என்கிறது. ஆலை மேலாளர் போட்டுப் பார்ப்பாரா? கருவி சறுக்கினால் மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போகும், அவருடைய வேலையும் போகலாம். அமெரிக்கக் கருவியை வாங்கியதற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கப் போவதில்லை. எனவே அவர் வாங்கமாட்டார். வாங்காவிட்டால் உள்ளூர்க் கருவி ஆயிரக்கணக்கான தகடுகளில் இரவும் பகலும் ஓடிப் பார்க்காது. எங்கே துகள் உதிர்கிறது, எத்தனையாவது மணியில் வெப்பம் ஏறுகிறது என்பது அதைச் செய்தவருக்கே தெரியவராது. தெரியாததைத் திருத்த முடியாது. நீச்சல் தெரிந்த பிறகுதான் குளத்தில் இறங்க விடுவேன் என்று சொல்வது போன்ற நிலை இது.

குளத்தில் இறங்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இன்டெல், லாம் ரிசர்ச், அப்ளைடு மெட்டீரியல்ஸ் என அமெரிக்க நிறுவனங்களில் நெடுங்காலம் வேலை பார்த்த ஜெரால்டு யின், 2004இல் அறுபது வயதில் ஷாங்காய் திரும்பி ஏஎம்இசி என்ற கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய அரிப்புக் கருவிக்குத் தன் உற்பத்தி வரிசையில் இடம் கொடுத்தது, தைவானின் டிஎஸ்எம்சி! உலகிலேயே கறாரான வாடிக்கையாளர் அது. 2018 வாக்கில் அதன் 5 நானோமீட்டர் வரிசைக்கே ஏஎம்இசி கருவி தேர்வு பெற்றதாகச் செய்தி வந்தது. (சிப் தலைமுறைகளுக்கு இந்த அளவுதான் பெயர்; எண் குறையக் குறைய சிப் நுண்ணியது.) அதற்கு முன்பே, 2015இல், அமெரிக்க வணிகத் துறை அந்த வகை அரிப்புக் கருவிகளைத் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. சீனாவிலேயே அது கிடைக்கிறது, தடுத்துப் பயனில்லை என்பது காரணம். லித்தோகிராஃபியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2002இல் தொடங்கிய ஷாங்காய் மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் பல ஆண்டுகள் 90 நானோமீட்டர் கருவியிலேயே நின்றது. ஏஎஸ்எம்எல் கருவி கிடைக்கும்போது அதை யார் தேடிப் போவார்கள்?

இப்போது தடைகளுக்கு வருவோம். முதல் அடி 2018 ஏப்ரலில் விழுந்தது. இசட்டிஇ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அமெரிக்கப் பாகங்களை விற்கக் கூடாது என்று வாஷிங்டன் உத்தரவிட்டது. சில வாரங்களில் அந்த நிறுவனத்தின் முக்கியச் செயல்பாடுகள் நின்றுபோயின. நூறு கோடி டாலர் அபராதம் கட்டித்தான் மீண்டது. அந்த மாதங்களில் சீனாவின் அரசு அறிவியல் நாளிதழ் 35 கட்டுரைகள் கொண்ட ஒரு தொடரை வெளியிட்டது. எந்தெந்தத் தொழில்நுட்பத்தில் பிறர் நம் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக, ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார்கள். கழுத்தைப் பிடித்தல் என்ற அந்தச் சொல்லே பிறகு அங்கே அரசுக் கொள்கை மொழியில் நிலைத்துவிட்டது.

அடுத்தது கைபேசியும் தொலைத்தொடர்புக் கருவிகளும் செய்யும் ஹுவாவே. 2019 மே மாதம் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2020 மே மாதம் விதியை இன்னும் இறுக்கினார்கள், அதுதான் உண்மையான வெட்டு. ஹுவாவே வடிவமைத்த சிப்பை உலகின் எந்த மூலையில் செய்தாலும், அதைச் செய்ய அமெரிக்கக் கருவியோ மென்பொருளோ பயன்பட்டிருந்தால், ஹுவாவேக்குத் தர அமெரிக்க உரிமம் வேண்டும். அமெரிக்கக் கருவி இல்லாத முன்னணி சிப் ஆலை உலகில் எங்கும் இல்லை என்பதால், தைவானில் இருக்கும் டிஎஸ்எம்சியும் 2020 செப்டம்பர் நடுவில் ஹுவாவேக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஹுவாவேயின் வருவாய் 2020இல் 89,100 கோடி யுவானிலிருந்து 2021இல் 63,700 கோடிக்குச் சரிந்தது. ஹானர் என்ற மலிவு விலைக் கைபேசிப் பிரிவை விற்றுவிட்டார்கள்.

ஆனால் இங்கே இன்னொன்றும் நடந்தது. சீனாவில் சிப் வடிவமைப்பில் மிகத் தேர்ந்தவர்கள் ஹுவாவேயின் ஹைசிலிக்கான் பிரிவினர். அவர்கள் தங்களுடைய சிறந்த சிப்களை எல்லாம் அதுவரை தைவானுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்எம்ஐசி அவர்களுக்கு இரண்டாம் தேர்வு. கதவு மூடப்பட்டதும், நாட்டிலேயே மிகக் கறாரான வாடிக்கையாளர், வேறு போக்கிடம் இல்லாமல், உள்ளூர் ஆலையின் வாசலில் வந்து நின்றார். 2023 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்க வணிக அமைச்சர் ஜினா ரைமண்டோ சீனாவில் இருந்த நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் மேட் 60 ப்ரோ கைபேசி விற்பனைக்கு வந்தது. கனடாவின் டெக்இன்சைட்ஸ் ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்த கிரின் 9000எஸ் சிப், எஸ்எம்ஐசி 7 நானோமீட்டர் முறையில் செய்தது என்று உறுதியாகத் தெரிந்தது.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இன்றைய மிக நுண்ணிய சிப்களை அச்சிட 13.5 நானோமீட்டர் அலைநீள அதீதப் புற ஊதாக் கதிர் வேண்டும். அதை உருவாக்கும் விதமே வியப்பானது: உருக்கிய வெள்ளீயத்தின் நுண்துளிகளை நொடிக்கு 50,000 என்ற கணக்கில் சிந்தவிட்டு, பறக்கும் ஒவ்வொரு துளியையும் லேசரால் அடிக்க வேண்டும். பிறக்கும் ஒளியைக் காற்றும் கண்ணாடி வில்லையும் விழுங்கிவிடும். எனவே வெற்றிடத்தில், ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் மெருகிட்ட ஆடிகளால் மட்டுமே அதைத் திருப்ப முடியும். அந்த ஆடி ஒன்றை ஜெர்மனி அளவுக்குப் பெரிதாக்கினாலும் அதில் உள்ள மேடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்த இயந்திரத்தை உலகில் ஏஎஸ்எம்எல் மட்டுமே விற்கிறது. சீனாவுக்கு ஒன்றுகூட வந்ததில்லை. அமெரிக்க அழுத்தத்தால் நெதர்லாந்து அரசு உரிமம் தரவில்லை.

சீனாவிடம் இருப்பது முந்தைய தலைமுறை இயந்திரம். அதன் ஒளி 193 நானோமீட்டர். வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் வைத்து ஒளியைக் கூர்மையாக்கினாலும், ஒரே அச்சில் 38 நானோமீட்டர் அளவுக்குக் கீழே கோடு போட அதனால் ஆகாது. மார்கழியில் கோலக் குழலால் புள்ளி வைக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் விளங்கும். குழலின் துளைகள் அகலமாக இருந்தால் நெருக்கமான புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருவிட்டு ஒரு புள்ளியாக முதல் தடவை ஓட்டி, விட்டுப்போன இடங்களில் இரண்டாம் தடவை ஓட்டலாம். ஆனால் குழல் ஒரு நூல் நகர்ந்தாலும் கோலம் கெட்டுவிடும். எஸ்எம்ஐசி செய்வது இதைத்தான். ஒரே அடுக்கை இரண்டு தடவை, நான்கு தடவை எனப் பிரித்துச் செய்கிறார்கள். படிகள் கூடுகின்றன, மேலே போட்ட கணக்கின்படி தேறும் சிப்கள் குறைகின்றன, விலை ஏறுகிறது. 2017இல் எஸ்எம்ஐசியில் சேர்ந்த லியாங் மொங்-சொங், முன்பு டிஎஸ்எம்சியிலும் சாம்சங்கிலும் நுண்ணிய சிப் தயாரிப்பில் பெயர் எடுத்தவர். அவர் இல்லாமல் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் எண்ணம். வியக்கத்தக்க கைத்திறன். ஆனால் இந்த வழியில் எல்லையில்லாமல் கீழே இறங்க முடியாது. இதைச் சொல்லாமல் 'சீனா தடையை முறியடித்துவிட்டது' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

2022 அக்டோபர் 7 அன்று வந்த விதிகள் ஒரு நிறுவனத்தைக் குறிவைப்பதை விட்டுவிட்டு ஒரு நாட்டையே குறிவைத்தன. 14, 16 நானோமீட்டர் அல்லது அதற்கும் நுண்ணிய சிப்கள், 18 நானோமீட்டர் அல்லது அதற்கும் நுண்ணிய டிராம் நினைவகம், 128 அடுக்கும் அதற்கு மேலும் உள்ள நாண்ட் நினைவகம் ஆகியவற்றைச் செய்யும் சீன ஆலைகளுக்குக் கருவி போகக் கூடாது. அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் செய்யும் ஏ100, எச்100 போன்ற செயற்கை நுண்ணறிவுச் சிப்களும் போகக் கூடாது. அமெரிக்கக் குடிமக்கள் அந்த ஆலைகளுக்கு உதவவும் கூடாது. வூஹானில் நினைவகச் சிப் செய்யும் ஒய்எம்டிசி ஆலையில் தங்கிக் கருவிகளைப் பராமரித்துவந்த அமெரிக்க நிறுவனங்களின் பொறியாளர்கள் சில நாட்களில் பெட்டி கட்டிக் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டு ஜப்பான் 23 வகைக் கருவிகளுக்கும், நெதர்லாந்து மேம்பட்ட நீர்வழி லித்தோகிராஃபி இயந்திரங்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கின.

ஆலை மேலாளரின் கணக்கு தலைகீழானது அன்றுதான். உள்ளூர்க் கருவியை நம்பி மோசம் போவது ஒரு ஆபத்து. நாளைக்கு உதிரிபாகம் வராமல் மொத்த ஆலையும் நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து. நேற்றுவரை வரவேற்பறையில் காத்திருந்த உள்ளூர்க் கருவி விற்பனையாளரை உற்பத்திக் கூடத்துக்குள் அழைத்தார்கள். எண்கள் இதைச் சொல்கின்றன. பெய்ஜிங்கின் நௌரா என்ற கருவி நிறுவனத்தின் வருவாய் 2019இல் சுமார் 400 கோடி யுவான், 2024இல் சுமார் 2,980 கோடி. ஏஎம்இசி அதே காலத்தில் 195 கோடியிலிருந்து 900 கோடியைத் தாண்டியது. அரசு மானியம் பல ஆண்டுகளாக வாங்கித் தர முடியாத வாடிக்கையாளரை வாஷிங்டனின் உத்தரவு ஐந்தாண்டுகளில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

தடை விழுவதற்கும் இறுகுவதற்கும் இடையே கிடைத்த நேரத்தையும் சீன ஆலைகள் வீணாக்கவில்லை. கிடைக்கிற வெளிநாட்டுக் கருவியை எல்லாம் வாங்கிக் குவித்தன. ஏஎஸ்எம்எல்லின் விற்பனையில் சீனாவின் பங்கு 2024இல் 36 சதவீதம். அதில் பெரும்பகுதி தடைக்கு உட்படாத 28 நானோமீட்டரும் அதற்கு மேற்பட்டதுமான சிப்களுக்கானது. கார், துணிதுவைக்கும் இயந்திரம், மின்மீட்டர் எல்லாவற்றிலும் இருப்பது அந்த வகைச் சிப்தான். பெய்ஜிங், ஷாங்காய், ஷென்ஜென், தியான்ஜின் என எஸ்எம்ஐசி அதற்காகப் புதிய ஆலைகள் எழுப்பியது. மேலே மூடினால் தண்ணீர் கீழே பரவும். 2024 டிசம்பரில் அமெரிக்கா இந்தப் பழைய தலைமுறைச் சிப்கள் மீதே ஒரு வர்த்தக விசாரணையைத் தொடங்க வேண்டிவந்தது.

பதிலடியும் உண்டு. காலியம், ஜெர்மானியம் என்ற உலோகங்களின் ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்டிலிருந்து சீனா உரிமம் கேட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பவே கூடாது என்றது. 2025இல் அரிய மண் தனிமங்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. கழுத்தைப் பிடிக்கும் கலையை இரு தரப்பும் கற்றுக்கொண்டுவிட்டன.

செயற்கை நுண்ணறிவுச் சிப்களில்தான் தடை இன்னும் உண்மையாக வலிக்கிறது. ஹுவாவேயின் அசெண்ட் சிப்களை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் 2024இல் அசெண்ட் 910பி ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த சில்லு டிஎஸ்எம்சி செய்ததாக இருந்தது. இடையில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் ஆர்டர் போயிருந்தது. இத்தகைய சிப்களோடு ஒட்டி வைக்கும் அதிவேக அடுக்கு நினைவகம் இன்னொரு முட்டுக்கட்டை. கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்றிடம்தான் அந்தத் தொழில் இருக்கிறது. 2024 டிசம்பர் 2 அன்று அதையும் தடைக்குள் கொண்டுவந்தார்கள். ஹெஃபெய் நகரின் சிஎக்ஸ்எம்டி அந்த இடைவெளியை நிரப்பப் போராடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 2025 கோடையில் நடந்ததைப் படிக்க வேண்டும். சீனாவுக்கென்றே திறன் குறைத்து என்விடியா செய்த எச்20 சிப்புக்கும் ஏப்ரலில் உரிமம் வேண்டும் என்று அமெரிக்கா சொன்னது. ஜூலையில் மனம் மாறியது. விற்பனையில் 15 சதவீதத்தை அரசுக்குத் தந்தால் போதும் என்று ஆகஸ்டில் ஒரு ஏற்பாடும் ஆனது. பல ஆண்டுகளில் முதல் முறையாக வாஷிங்டன் கதவைக் கொஞ்சம் திறந்தபோது, பெய்ஜிங் அந்தப் பக்கமிருந்து தாழ்ப்பாள் போட்டது. சீன இணைய ஒழுங்குமுறை ஆணையம், எச்20 சிப்பில் வெளியாட்கள் ரகசியமாக நுழையும் பின்வாசல் இருக்கிறதா என்று விளக்கம் கேட்டு என்விடியாவை அழைத்தது. உள்நாட்டுச் சிப் இருக்கும்போது இதை ஏன் வாங்குகிறீர்கள் என்று பெரிய இணைய நிறுவனங்களிடமும் கேட்டார்கள்.

அந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் இதை விரும்பவில்லை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. என்விடியா சிப்களுக்கு நிரல் எழுத உதவும் குடா மென்பொருள் 2006இல் அறிமுகமானது. உலகெங்கும் லட்சக்கணக்கானோர் எழுதி எழுதி அதன் பிழைகளைக் களைந்திருக்கிறார்கள். ஹுவாவே மென்பொருளுக்கு அந்த வயது இல்லை. நேற்று ஓடிய நிரல் இன்று நடுவழியில் நின்றுபோகும், காரணம் தேடினால் கையேட்டில் இருக்காது, இணையத்தில் கேட்டாலும் இதற்கு முன் யாரும் பார்த்திராத பிழையாக இருக்கும். ஆலை மேலாளர்கள் 2022இல் அமர்ந்த இடத்தில் இப்போது இவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பிழைகளை இனி இவர்கள்தான் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக எழுதி, ஹுவாவேக்கு அனுப்ப வேண்டும்.